டக் பிரிச்ச கோடு

பிள்ளைங்களோட பழைய பொம்மையும் துணியுமா மூணு பை நிறைய குடுத்தேன். அதுல ரெண்டரைப் பை திரும்ப வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு. போன போகிக்கு முன்னாடி வந்த சனிக்கிழமை நடந்தது. பதினோரு மாசம் ஆச்சு, மறுபடியும் மார்கழி வந்துடுச்சு, பிள்ளைங்க அலமாரிய மறுபடியும் திறக்கணும். திறக்கிறதுக்கு முன்னாடி இத எழுதி முடிச்சுட்டா தேவலாம்னு தோணுது, ஏன்னா அந்த பை திரும்பி வந்தது இன்னும் எனக்குள்ள அப்படியேதான் உக்காந்திருக்கு.

முதல்ல ஒரு உண்மைய ஒத்துக்கறேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் நான் பொம்மை கழிக்கிறதுல கில்லாடின்னு நெனச்சுட்டு இருந்த ஆளு. என் முறை ரொம்ப சிம்பிள். பிள்ளைங்க ஸ்கூலுக்கு போனதும் கறுப்பு குப்பை கவர எடுத்துக்கிட்டு அவங்க ரூமுக்குள்ள போறது, கண்ணுல படறத எல்லாம் அள்ளறது, ரெண்டு வாரம் பரண்ல ஒளிச்சு வெக்கிறது, யாரும் கேக்கலன்னா வெளிய அனுப்பிடறது. கேட்டா "எங்கயாவது இருக்கும், தேடிப் பாரு"ன்னு முகத்த பாத்தே பொய் சொல்றது. ஆஃபீஸ்ல ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இத டிப்ஸ் மாதிரி வேற சொல்லிருக்கேன், அத நெனச்சா இப்ப கூச்சமா இருக்கு.

இந்த திருட்டு வேலைக்கு முடிவு கட்டினது ஒரு முழம் சுங்குடித் துணி. எங்க ஆச்சியோட பழைய சேலை, நீலத்துல வெள்ளப் புள்ளி, துவைச்சு துவைச்சு வெண்ணெய் மாதிரி ஆனது. அதுல ஒரு துண்டு கிழிச்சு சின்னவன் பொறந்தப்ப தொட்டில்ல போட்டோம். மூணு வயசு வரைக்கும் அதுதான் அவனுக்கு தூக்கம். பேரே "துணி"தான். ஓரமெல்லாம் நைஞ்சு, எச்சி காஞ்சு, ஒரு மாதிரி வாசம் வர ஆரம்பிச்சுது. ஒரு நாள் தைரியமா குப்பைல போட்டுட்டேன். ஆனா நான் புத்திசாலியாச்சே, அதே சேலையோட மறு தலைப்புல அதே அளவுக்கு இன்னொரு துண்டு கிழிச்சு தலகாணி மேல வெச்சேன். அதே சேலை, அதே புள்ளி, அதே ஆச்சி. ராத்திரி எடுத்தான், மோந்தான், ஓரத்த ரெண்டு விரலால தேய்ச்சுப் பாத்தான், "இது வேற துணி"ன்னான். அன்னிக்கு ஒரு மணி வரைக்கும் அழுகை. குப்பை வண்டி காலைலயே வந்து போயிருந்துச்சு.

பின்னாடி ஒரு நாள் இதே மாதிரி ஒரு ஆராய்ச்சி பத்தி படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் வயித்தையும் பிசைஞ்சுது. ப்ரூஸ் ஹூட், பால் ப்ளூம்னு ரெண்டு உளவியல்காரங்க 2008-ல வெளியிட்டது. மூணுலேர்ந்து ஆறு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்ககிட்ட ஒரு பெட்டிய காட்டி, இது எத வெச்சாலும் அச்சு அசலா அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுக்கும்னு நம்ப வெச்சிருக்காங்க. சாதா பொம்மைன்னா பிள்ளைங்களுக்கு புதுசு வந்தாலும் ஓகே. ஆனா கட்டிப் புடிச்சு தூங்கற பொருளா இருந்தா, சில பிள்ளைங்க பெட்டிக்குள்ள வெக்கவே விடலியாம், வெச்சவங்கள்லயும் பெரும்பாலானவங்க பழையதுதான் வேணும்னு வாங்கிட்டாங்களாம். அவங்களுக்கு அதுக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டி இருந்துச்சு. நான் ஒரு கத்திரிக்கோல்லயே அந்த சோதனைய என் பிள்ளை மேல செஞ்சு முடிச்சுட்டேன்.

அதுக்கப்புறம்தான், எது போனாலும் அவங்களுக்கு தெரிஞ்சுதான் போகணும்னு முடிவு பண்ணேன்.

ஹால்ல ஒரு குவியல்

அந்த சனிக்கிழமை காலைல பாய விரிச்சு எல்லாத்தையும் கொட்டினோம். பெரியவளுக்கு அப்ப ஆறரை, சின்னவனுக்கு நாலு. கொட்டினதும் ரெண்டு பேருக்கும் தீபாவளி வந்த மாதிரி குஷி, ஏன்னா ஆறு மாசமா காணாத பொம்மை எல்லாம் கண்ணுக்கு தெரியுது, கழிக்க உக்காந்த இடத்துல விளையாட ஆரம்பிச்சுட்டாங்க. முதல் ஒரு மணி நேரம் நான் வாய மூடிட்டு காபி குடிச்சேன், அது ஒண்ணுதான் அன்னிக்கு நான் செஞ்ச உருப்படியான வேலைன்னு இப்ப தோணுது.

குவியல பாக்கறப்ப ஒண்ணு புரிஞ்சுது. நாங்களா கடைக்குப் போயி பாத்து வாங்கினது அதுல கால்வாசி கூட இருக்காது. காஞ்சு போன ஸ்லைம் ஏழு டப்பா, கிண்டர் ஜாய்ல வந்த குட்டி குட்டி பிளாஸ்டிக் ஒரு ஷூ பாக்ஸ் நிறைய, ரிட்டர்ன் கிஃப்ட்டா வந்த ஒரே மாதிரி பென்சில் பாக்ஸ் நாலு, யாரோ பர்த்டேக்கு தூக்கிட்டு வந்த மூணடி டெட்டி. அந்த டெட்டி இல்லாத வீடு சென்னைல இருக்கான்னு தெரியல. எனக்கென்னவோ அது ஒரே டெட்டிதான், வீடு வீடா சுத்திட்டு இருக்குன்னு ஒரு சந்தேகம். பொருட்காட்சில வாங்கின லைட் எரியற துப்பாக்கி ஒண்ணு, ஐஎஸ்ஐ மார்க் எதுவும் இல்ல. 2021 ஜனவரி 1-லேர்ந்து பொம்மைக்கெல்லாம் அந்த மார்க் கட்டாயம்னு சட்டம், பொருட்காட்சி கடைக்கு மட்டும் அது எட்டல போல. பட்டன் பேட்டரி மூடியோட ஸ்க்ரூ வேற கழண்டு போயிருந்துச்சு. அத மட்டும் நான் யாரையும் கேக்காம எடுத்துட்டேன், முழுங்கினா உணவுக்குழாய ஓட்டை போடற சமாச்சாரம், அதுல ஜனநாயகம் எல்லாம் கிடையாது.

"வேணுமா வேணாமா"ன்னு கேட்டா வேலைக்கே ஆகாதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுது. எத தூக்கி காட்டினாலும் "வேணும்". நான் கைல எடுத்த உடனேயே அதுக்கு ஒரு மவுசு வந்துடுது. அதனால கேள்விய மாத்தினேன். ஆளுக்கு ஒரு கூடை, கூடைக்குள்ள எவ்வளவு புடிக்குதோ அவ்வளவு உன்னுது, நீயே அடுக்கிக்கோ, மீதி பாதி பரணுக்கு, பாதி போகட்டும். பரணுக்கு போறது போகல, தூங்குது, அவ்வளவுதான்னு சொன்னதும் சின்னவன் ஒத்துக்கிட்டான். (அமெரிக்கால டொலிடோ யூனிவர்சிட்டில 36 குழந்தைங்கள வெச்சு பாத்திருக்காங்க, 16 பொம்மை குடுத்தப்ப விட 4 பொம்மை குடுத்தப்ப ஒவ்வொண்ணோடயும் ரொம்ப நேரம் விளையாடினாங்களாம். எங்க வீட்லயும் அடுத்த வாரமே அது தெரிஞ்சுது, ஆனா அது இந்த கதை இல்ல.)

கூடைக்குள்ள என்ன போச்சுங்கறதுதான் எனக்கு அதிர்ச்சி. நான் ரெண்டாயிரத்து சொச்சம் குடுத்து, மரத்துல செஞ்சது, மூளைக்கு நல்லதுன்னு வாங்கின வளையம் அடுக்கற செட்ட பெரியவ திரும்பிக் கூட பாக்காம "போகட்டும்" பக்கம் தள்ளிட்டா. திருச்செந்தூர் கோயில் கடைல வாங்கின, முன் சக்கரம் இல்லாத பிளாஸ்டிக் ஆட்டோ கூடைல முதல்ல ஏறிடுச்சு. சின்னவன் போன வருஷ போகி மேளத்த எடுத்துக்கிட்டான். தோல் கிழிஞ்சு, தட்டினா அட்டைப்பெட்டிய தட்டற மாதிரி தொப்பு தொப்புனு சத்தம். போகிக்காக பழசு கழிக்க உக்காந்து போன போகியோட மேளத்தையே தூக்கி வெச்சுக்கறவன்கிட்ட என்னத்த பேசறது.

துணி மட்டும் ஆச்சரியமா ஈஸியா முடிஞ்சுது. போட்டுப் பாருங்கன்னு சொன்னேன், சின்னவன் தலை டி-ஷர்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அலற, அக்காகாரி உருண்டு உருண்டு சிரிக்க, சின்னதா போச்சுன்னா அவங்களுக்கு அது ஒரு பெருமை, நான் வளந்துட்டேன்ங்கறதுக்கு சாட்சி. சட்டைய குடுக்கறப்ப ஒரு கெத்து இருந்துச்சு, பொம்மைய குடுக்கறப்ப அது இல்ல. துணில தடுமாறினது நான்தான். ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வந்தப்ப போட்ட ஜப்லா, உள்ளங்கை அளவு, அத "இது யாருக்கும்மா சைஸ்?"னு பெரியவ கேட்டப்ப சட்டுனு பதில் வரல. அப்புறம் பட்டுப் பாவாடை. மாம்பழ மஞ்சள், மூணாவது பர்த்டேக்கு எடுத்தது, வளர வளர பிரிச்சு நீளமாக்கிக்கறதுக்கு ரெண்டு டக் மடிச்சு தைச்சது, வருஷத்துக்கு ஒரு டக்கா பிரிச்சு இப்ப பிரிக்க ஒண்ணும் மிச்சமில்ல. ரெண்டையும் சத்தமில்லாம என் பீரோவுக்குள்ள வெச்சுட்டேன்.

சாயங்காலம் மூணு கட்டைப் பை ரெடி.

வாசல்ல

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவுக்கு அஞ்சு வயசுல ஒரு பேத்தி. நாலு வருஷமா எங்க வீட்ல கழிச்சது எல்லாம் அவங்களுக்குத்தான் போகும். பையை கட்டி வாசல்ல வெச்சா, வேலை முடிச்சு போறப்ப "சரிம்மா"ன்னு எடுத்துட்டுப் போவாங்க. அவ்வளவுதான். ஒரு நாளும் பிரிச்சுப் பாத்தது இல்ல, நானும் ஒரு நாளும் என்ன ஆச்சுன்னு கேட்டது இல்ல.

அன்னிக்கு பெரியவ கூட வந்து நின்னா. அவளே எடுத்து வெச்சது இல்லையா, யாருக்கு போகுதுன்னு பாக்கணும். அக்கா குனிஞ்சு பைய தூக்கப் போறாங்க, இவ கேட்டா: "அத்த, இதுல உங்க பாப்பாவுக்கு எது புடிக்கும்?"

அக்கா என்னைப் பாத்தாங்க. நான் என்ன முகம் வெச்சிருந்தேன்னு தெரியல. ஒரு நொடி யோசிச்சுட்டு பைய கீழ வெச்சு, செருப்ப கழட்டி ஓரமா தள்ளிட்டு, வாசப்படிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. பைய கவுத்தாங்க. நாலு வருஷத்துல முதல் தடவையா நான் குடுத்தத அவங்க பாக்கறத நான் பாக்கறேன். பேன்ட்ட எடுத்து எலாஸ்டிக்க இழுத்து விட்டுப் பாத்தாங்க. ஃப்ராக்க வெளிச்சத்துக்கு நேரா புடிச்சாங்க, ஜிப்ப மேலயும் கீழயும் ஒரு தடவை ஓட்டினாங்க. காரோட ஸ்விட்ச்ச அமுக்கினாங்க, ஓடல, வலது பக்கம் வெச்சுட்டாங்க. பசில் டப்பாவ குலுக்கி "துண்டு எல்லாம் கீதா?"ன்னு கேட்டாங்க, பெரியவ ஓடிப் போயி எண்ணிட்டு வந்து "ரெண்டு இல்ல அத்த"ன்னா, வலது பக்கம். அவசரமே இல்ல. காய்கறி பொறுக்கற மாதிரி. டெட்டி கிட்ட வந்ததும் அத ரெண்டு கையால தூக்கிப் பாத்துட்டு, "இந்தக் கரடிய கூட்டினு போனா அது படுத்துக்கும், நாங்க எங்க பாப்பா படுக்கறது?"ன்னாங்க. பெரியவளுக்கு சிரிப்பு தாங்கல. அக்காவும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் காது சூடாச்சு.

கடைசில இடது பக்கம் இருந்தது: ஒரு ஃப்ராக், மூணு பேன்ட், ஸ்கிப்பிங் கயிறு, பென்சில் பாக்ஸ் ஒண்ணு, அப்புறம் அந்த மர வளையம். "இது நல்லாக்கீது"ன்னு அத மட்டும் தனியா கைல வெச்சுக்கிட்டாங்க. எல்லாம் சேந்து அரைப் பை.

"ஏங்க்கா, இத்தனை நாளா சொல்லிருக்கலாமே"ன்னேன். சும்மா கேட்டதுதான், ஏதாவது பேசணுமேன்னு. புடவைய ஒதறிட்டு எழுந்துக்கிட்டே சொன்னாங்க: "எப்டிம்மா சொல்றது, ஆசையா குடுக்கற. போன தபா குடுத்ததுல பாதி தெருமுனை தொட்டிலதான் போட்டேன். தூக்கினு போறதுதான் கையி வலி."

கோவமே இல்லாம சொன்னாங்க. மழை வரும் போல இருக்குன்னு சொல்ற மாதிரி. அவங்க லிஃப்ட்ல இறங்கினதுக்கப்புறமும் நான் அந்த ரெண்டரைப் பைய பாத்துக்கிட்டே நின்னேன். நாலு வருஷமா எங்க வீட்டுக் குப்பைய, தெருமுனை வரைக்கும், சம்பளம் இல்லாம அவங்க தூக்கிருக்காங்க. அதுக்கு மேல நான் ஒரு நல்லவ பட்டத்தையும் எனக்கே குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

பெரியப்பா வீட்டு மூட்டை

இதுல கொடுமை என்னன்னா, இது எனக்கு தெரியாத விஷயம் இல்ல. நான் மூட்டை வாங்கற வீட்ல வளந்தவ. அம்பாசமுத்திரத்துல நாங்க, திருநெல்வேலி டவுன்ல பெரியப்பா. வருஷம் ரெண்டு தடவை பெரியப்பா பொண்ணோட துணி ஒரு போர்வைல மூட்டையா கட்டி வரும். நல்ல துணிதான், குறை சொல்ல முடியாது. அவ என்னை விட மூணு வயசு மூப்பு, அவளுக்கு ஏறிப் போறப்ப எனக்கு சரியா இருக்கும். ஆனா பாவாடைல டக் பிரிச்ச கோடு இருக்கும். மடிப்புக்குள்ள வெயில் படாம துவைப்பு படாம இருந்த இடம் மட்டும் புதுசு கலர்ல இருக்கும், மீதி வெளுத்து இருக்கும், நடுவுல தையல் ஓடின ஓட்டை வரிசையா. ஊர்ல எல்லாருக்கும் அந்தக் கோட்ட படிக்கத் தெரியும். உன்னோடதுன்னா உனக்கு பிரிச்ச கோடு, உன் மேல அது அழகு. வேற யாரோடதோன்னா, அவ எவ்வளவு வளந்தாங்கற கணக்க நீ இடுப்புல கட்டிக்கிட்டு திரியற மாதிரி. கோயில்ல உக்காந்தா முழங்கால் மேல கைய போட்டு அத மறைச்சுக்குவேன். அம்மாகிட்ட ஒரு தடவை வேண்டாம்னு சொன்னதுக்கு, "குடுக்கறத வேண்டாம்னு சொல்லப்படாதுட்டி"ன்னு ஒரு அதட்டல். அதோட சரி.

அந்த வீட்லேர்ந்து வந்த நான், எப்படி இந்தப் பக்கம் வந்ததும் அத சுத்தமா மறந்தேன்?

மறக்கல, பாத்தும் இருக்கேன், அதான் இன்னும் மோசம். 2015 டிசம்பர் வெள்ளத்தப்ப ஆஃபீஸ்லேர்ந்து ஒரு இடத்துல நிவாரணப் பொருள் பிரிக்கப் போனோம். ஒத்தை ஷூ, பட்டன் இல்லாத சட்டை, கிழிஞ்ச நைட்டி, யாரோ துவைக்காமயே போட்ட பெட்ஷீட். கூட இருந்த பையன் ஒருத்தன் "இவங்க வீட்ல தண்ணி வரலையே, அதனால பீரோவ காலி பண்றாங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் நடந்ததும் இதேதான், லாரி லாரியா வந்த பழைய துணி ரோட்டோரம் குவிஞ்சு கிடந்துச்சு, மீனவ மக்கள் அத தொடல. எல்லாம் போன பிறகும் எங்களுக்கு வேண்டாம்னு ஒதுக்கினாங்க. அப்புறம் பழைய துணி சேகரிச்சுக் குடுக்கற கூஞ்ச் மாதிரி அமைப்புங்க அந்தக் குவியல அள்ளி தரம் பிரிக்க வேண்டி வந்துச்சு. அந்த கதைய யார் சொன்னாலும் "சரியான பதிலடி"ன்னு சொல்ற ஆளு நான். ஆனா அவங்க கூட்டமா இருந்தாங்க, அத்தனை பேரும் சேர்ந்து தொடாம விட்டாங்க. தனியா ஒரு அக்கா, மாசம் ஒண்ணாந்தேதி என்கிட்ட சம்பளம் வாங்கறவங்க, எப்படி தொடாம விடுவாங்க? அத யோசிக்கல நான்.

பெரியவ கேட்ட கேள்வி பெருசா யோசிச்சு கேட்டது இல்ல, அவள நான் ஞானி ஆக்க விரும்பல. அன்னிக்கு காலைலேர்ந்து அவகிட்ட "உனக்கு எது புடிக்கும், நீயே எடு"ன்னு நூறு தடவை சொல்லிருந்தேன், அவ அதே விளையாட்ட வாசல் வரைக்கும் நீட்டிட்டா, அவ்வளவுதான். வயசானவங்கள மட்டும் அந்த விளையாட்டுல சேக்கக் கூடாதுன்னு அவளுக்கு யாரும் சொல்லல.

மீதி ரெண்டரைப் பை

அதுக்கப்புறம் அந்த ரெண்டரைப் பை ரெண்டு நாள் ஹால்லயே கிடந்துச்சு. நல்லதா இருந்தத அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி ரூம் பக்கத்துல ஒரு பழைய மேஜைல பரப்பி வெச்சோம், யார் வேணும்னாலும் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். பென்சில் பாக்ஸ் அரை மணில போச்சு. டெட்டி நாலு நாள் கழிச்சு மூணாவது மாடிக்கு போச்சு, அடுத்த பர்த்டேக்கு எங்க வீட்டுக்கே திரும்பி வரும்னு எதிர்பாத்துட்டு இருக்கேன். ஒடஞ்சது, கிழிஞ்சது எல்லாம் போகிக்கு எரிக்காம குடுங்கன்னு மாநகராட்சிக்காரங்க வாங்கிக்கறாங்க இல்லையா, அதுல போச்சு. பிளாஸ்டிக்க எரிச்சா என்ன ஆகும்னு 2018 போகியன்னிக்கே பாத்தாச்சு, பனியும் புகையும் சேந்து சென்னை ஏர்போர்ட்ல காலைல ஃப்ளைட்டே நின்னு போச்சு. தூக்கிட்டுப் போனது நாங்க. பிள்ளைங்களும் ஆளுக்கு ஒரு பை. சின்னவன் பாதி வழில "கை வலிக்குதும்மா"ன்னான். எனக்கு அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு, ஒண்ணும் சொல்லாம அவன் பையையும் வாங்கிக்கிட்டேன்.

போகி வந்தா எல்லாரும் ஃபார்வர்ட் பண்ற "பழையன கழிதலும் புதியன புகுதலும்" நன்னூல் சூத்திரம். பவணந்தி அத வீட்டுச் சாமானுக்கு சொல்லல, மொழில பழைய சொல் போயி புதுச் சொல் வர்றதுக்கு சொன்னது. அடுத்த வரி யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல: "வழுவல கால வகையினானே". காலத்தோட நடந்தா அது தப்பில்லன்னு அர்த்தம். அந்த "கால வகை"தான் எனக்கு புடிச்சிருக்கு. முன் சக்கரம் இல்லாத ஆட்டோவ ஜனவரில நான் புடுங்கிருந்தா அது இன்னொரு சுங்குடித் துணி ஆகிருக்கும். ஜூன்ல, ஒண்ணாவதுக்கு புது பேக் வாங்கின அன்னிக்கு, அவளே கொண்டு வந்து "இது போகட்டும்மா, ஓடாது"ன்னு குடுத்தா. போகி மேளம் இன்னும் இருக்கு. அதோட காலம் எப்போன்னு எனக்கு தெரியல.

அக்காவோட பேச்சும் மாறிடுச்சு. பேத்திக்கு இந்த வருஷம் சைக்கிள் ஓட்டறதுல ஆசை, "பாப்பா சைக்கிள் சின்னதானா சொல்லும்மா, வேற யாருக்கும் குடுத்துடாத, நான் பாத்துட்டு சொல்றேன்"ன்னு ஆவணிலேயே சொல்லி வெச்சிருக்காங்க. "பாத்துட்டு சொல்றேன்"ங்கறத கவனிச்சேன்.

மாம்பழ மஞ்சள் பாவாடை இன்னும் என் பீரோலதான் இருக்கு. அந்த பேத்திக்கு அளவு சரியா இருக்கும், பாத்தாலே தெரியுது. நேத்து எடுத்து விரிச்சுப் பாத்தேன், ரெண்டு கோடும் பளிச்சுனு தெரியுது. பெரியவ பக்கத்துல உக்காந்து விரலால அந்த ஓட்டைங்கள ஒவ்வொண்ணா தடவிப் பாத்துட்டு, "இது மேல லேஸ் வெச்சு தைச்சா தெரியாதுல்ல?"ன்னா. டெய்லர் அண்ணாகிட்ட எடுத்துட்டுப் போனோம். இந்தக் கலருக்கு ஜரிகை லேஸ் அவர்கிட்ட இல்லையாம், ரங்கநாதன் தெருவுல தேடிப் பாருங்க, ரெண்டு கோட்டுக்கும் சேத்து அஞ்சு மீட்டர் வாங்கிடுங்க, பத்தாம போச்சுன்னா மறுபடி அதே லேஸ் கிடைக்காதுன்னு சொன்னார். ஞாயித்துக்கிழமை போகணும். அதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், பட்டுப் பாவாடை வேணுமான்னு.